ஏழு எண்ணிக்கையை எங்கே எடுப்பது?

வணக்கம் சார்.
கும்பகோணம் பக்கம் என் ஊர், சென்னையில் ஐடி வேலை. ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, டைடல்சைக்கிள்ஸ் என்ற இசை மென்பொருளில் தீர்மானங்கள் (ஒரு சொற்கட்டை மூன்று தரம் வாசித்து முடிக்கும் முடிப்பு) எழுதிப் பார்க்கிறேன். ஐந்து எண்ணிக்கைச் சொற்கட்டுக்கு ஒரு ஃபங்ஷன் (நிரல்துண்டு), ஏழுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று என்று சேர்ந்துவிட்டது. நம் முன்னோர் அன்றே கணினியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. கணினி போடும் கணக்கை இசை என்று ஒப்புக்கொள்வீர்களா?
ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்த முன்னோர் வரியை அழியுங்கள். தவில்காரர் தவில்தான் வாசித்தார். டைடலை எழுதியவர் அலெக்ஸ் மெக்லீன். அந்தப் பெருமை அவருக்கே இருக்கட்டும்.

கொஞ்ச நாளாக நானும் தீர்மானத்தைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீடாமங்கலத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு தவில்காரர் இருந்தார். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடும், அவர் திண்ணையில் உட்கார்ந்து பையன்களை வதைப்பார். தவிலைத் தொடவிட மாட்டார். வாயும் தொடையும்தான்.

ஒருநாள் வேடிக்கை பார்த்த என்னையும் பிடித்துக்கொண்டார். "ஆதி தாளம், முப்பத்திரண்டு மாத்திரை. பத்தை மூணு தரம் வைடா." மாத்திரை என்றால் தாளத்தை எண்ணும் சிறு அளவு. ததிகிணதொம் ஐந்து, இரண்டு சேர்ந்தால் பத்து. மூன்று தரம் முப்பது, நடுவில் ஒவ்வொரு மாத்திரையாக இரண்டு கார்வை, அதாவது இடைவெளி. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழுந்தேன். "இப்ப ஏழு." தகதிமிதகிட மூன்று தரம் இருபத்தொன்று, மிச்சம் பதினொன்று. அதை இரண்டு கார்வையாக எப்படிப் பிரிப்பது? விழித்தேன். தொடையில் ஓர் அடி வைத்தார். "சமத்துலயே எடுக்கணும்னு எவன் சொன்னான்? ஒண்ணு தள்ளி எடு." ஒரு மாத்திரை தள்ளித் தொடங்கினால் மிச்சம் பத்து, கார்வை ஐந்தைந்து. அவ்வளவுதான்.

அந்த அடி உங்களுக்கும் விழவேண்டும். ஐந்துக்கு ஒன்று, ஏழுக்கு ஒன்று என்று எழுதுவதற்கு ஹாஸ்கெல் எதற்கு? தீர்மானம் ஒரே ஃபங்ஷன். சொல், கார்வை, எடுப்பு (தொடங்கும் இடம்) மூன்றும் அதற்குள் போகிறவை. சொல்லே ஒரு பேட்டர்ன், ஒலிகளின் அடுக்குதானே. டைடலில் பேட்டர்ன் என்பதே ஒரு ஃபங்ஷன்: எந்த நேரத்தைக் கேட்டாலும் அங்கே என்ன விழுகிறது என்று சொல்லும். ஒரு மாத்திரை தள்ளுவது அதன் மேல் இன்னொரு ஃபங்ஷன். உள்ளே இருக்கும் ஏழு எண்ணிக்கையைத் தொடவே வேண்டாம். கையில் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பார்த்திருந்தால் இது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீங்கள் சொல்லிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும்.

இசையா இல்லையா என்பதை உங்கள் காதிடம் கேளுங்கள், என்னிடம் எதற்கு?

சரி, ஒன்பதை எங்கே எடுப்பீர்கள்? தொடையில் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.