கெட்டிலுக்கு ஏன் இரண்டு வாட்?

கேள்வி: புதிதாக வாங்கிய கெட்டிலின் அடியில் '220-240 வோல்ட், 1850-2200 வாட்' என்று போட்டிருக்கிறது. இதில் எது சரி? காலையில் சீக்கிரம் கொதிக்கிறது, இரவு ஏழு மணிக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டுமே சரிதான் அக்கா, கடைக்காரரை விட்டுவிடுங்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 220ஐ 220ஆல் பெருக்கி 1850ஆல் வகுத்தால் 26.2 வரும், அப்புறம் 240ஐ 240ஆல் பெருக்கி 2200ஆல் வகுத்தாலும் அதே 26.2தான் வரும். இதுதான் உள்ளே இருக்கும் கம்பியின் மின்தடை (மின்சாரம் ஓடுவதை அது எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு), 26.2 ஓம். கெட்டிலுக்குச் சொந்தமானது இந்த ஓம் மட்டும்தான், வாட் வீட்டுக்கு வரும் வோல்ட்டைப் பார்த்து ஏறும், இறங்கும்.

நம் மலேசியாவில் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட் (முன்பு 240). அதற்கு மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை போகலாம், அதாவது 216க்குக் கொஞ்சம் மேலிருந்து 253 வரை. 230 வந்தால் 230 ÷ 26.2 = 8.8 ஆம்பியர் (மின்னோட்டத்தின் அளவு) ஓடும், அதை 230ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2020 வாட். இரவில் லயம் முழுக்க ஃபேனும் அயர்னும் ஓடி, உங்கள் வீடு மின்கம்பி லைனின் கடைசியில் இருந்து, வோல்ட் 216க்கு இறங்கியது என்று வையுங்கள். ஆம்பியர் 8.2 ஆகிவிடும், வாட் 1780தான். வோல்ட் 6 விழுக்காடு குறைந்ததற்கு வாட் 12 விழுக்காடு குறைந்துவிட்டது, ஏனென்றால் வோல்ட் இறங்கும்போது ஆம்பியரும் கூடவே இறங்குகிறது. 5 நிமிடத்தில் கொதித்த தண்ணீருக்கு இன்னும் 40 விநாடி பிடிக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: கெட்டில், ரைஸ் குக்கர், அயர்ன் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடலாமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். கெட்டில் 8.8, 700 வாட் குக்கர் 3, 1000 வாட் அயர்ன் 4.3, மொத்தம் 16. உங்கள் எக்ஸ்டென்ஷன் பிளக்கில் இருப்பது 13 ஆம்பியர் ஃபியூஸ்.

கேள்வி: சாமி மேடையில் இருந்த பழைய 60 வாட் குண்டு பல்பைக் கழற்றி மீட்டரில் பார்த்தேன், 65 ஓம் காட்டியது. கணக்குப்படி (230 × 230 ÷ 60) 882 வர வேண்டுமே? மீட்டர் கெட்டுவிட்டதா?
- படிவம் 5 மாணவி

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தங்கச்சி, நீ பார்த்தது ஆறிப்போன பல்பை. டங்ஸ்டன் இழை எரியும்போது 2000 பாகைக்கும் மேல் சூடாகும், அப்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். கெட்டில் கம்பி அப்படி மாறாது, அதனால்தான் அக்காவின் கணக்கு ஒழுங்காக வந்தது. உன் 882 எரிகிற பல்புக்கு உரியது: 60 ÷ 230 = 0.26 ஆம்பியர், 230ஐ அதால் வகுத்தால் அந்த 882 பக்கத்தில் வந்து நிற்கும். அந்த 65ம் வீண் இல்லை. சுவிட்சைத் தட்டிய கணத்தில் இழை ஆறித்தான் இருக்கிறது, ஒரு நொடியின் சிறு துளி நேரத்துக்கு 230 ÷ 65, அதாவது மூன்றரை ஆம்பியர் வரை பாயலாம். குண்டு பல்புகள் பெரும்பாலும் எரிந்துகொண்டிருக்கும்போது போகாமல், போடும்போதே 'டப்'பென்று போவது அதனால்தான்.