காவிரி ஆணையத்தில் விவசாயி வழக்குப் போட முடியுமா?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடைமடையில் நான்கு ஏக்கர் வைத்திருக்கிறேன். 2023-இல் போட்ட குறுவை தண்ணீர் இல்லாமல் கருகிப்போனது. கர்நாடகம் பாக்கி வைத்த தண்ணீருக்காகக் காவிரி ஆணையத்தில் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கித் தருவதாகச் சொல்லி, ஒருவர் எங்கள் ஊரில் ஏக்கருக்கு 1,500 ரூபாயும் எழுதாத பத்திரத்தில் கையெழுத்தும் வாங்குகிறார். கொடுக்கலாமா? நமக்கு 177.25 டிஎம்சி உண்டு என்கிறார்களே, அதில் எனக்கு உரிமை இல்லையா?

பதில்: பணமும் கொடுக்காதீர்கள், கையெழுத்தும் போடாதீர்கள்.

காவிரி நீர் மேலாண்மை ஆணையம் நீதிமன்றம் அல்ல. மத்திய அரசு நியமித்த தலைவரும் அதிகாரிகளும், தமிழகம், கர்நாடகம், கேரளம், புதுச்சேரி அரசுகளின் பிரதிநிதிகளும் உட்காரும் இடம் அது. எந்த அணையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு திறந்துவிட வேண்டும் என்று பார்த்து உத்தரவு போடுவது அதன் வேலை. தனி விவசாயியின் மனுவை விசாரித்து நஷ்டஈடு வழங்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்த் தகராறுச் சட்டம், புகார் கொடுக்கும் உரிமையை மாநில அரசுக்குத்தான் தந்திருக்கிறது. அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நடுவர் மன்றத்துக்கு (மாநிலங்களின் தண்ணீர்ச் சண்டையைத் தீர்க்க மத்திய அரசு அமைக்கும் மன்றம்) போக வேண்டிய தண்ணீர்த் தகராறை மற்ற நீதிமன்றங்கள் விசாரிப்பதையே தடுக்கிறது. உங்கள் ஊர் ஆள் எந்தக் கதவைத் தட்டப்போகிறார் என்று கேளுங்கள். பதில் வராது.

அடுத்து 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் சொன்ன கணக்கு இது. 2007-இல் காவிரி நடுவர் மன்றம் கொடுத்த 192-இலிருந்து 14.75 டிஎம்சியைக் குறைத்து வந்தது. மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் தண்ணீர்தான் இந்தக் கணக்கில் சேரும். அது தமிழ்நாடு என்ற மாநிலத்தின் பங்கு. அதில் இத்தனை கனஅடி இன்னார் வயலுக்கு என்று எந்த உத்தரவிலும் எழுதவில்லை.

ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்து நம்மவர்கள் ஏமாறுவதும் உண்டு. பங்கு மாதவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95, செப்டம்பருக்கு 36.76 டிஎம்சி. குறுவைக்கு உயிர் இந்த நான்கு மாதம்தான். 2022-இல் வெள்ளமாக வந்து கடலுக்குப் போனது ஏராளம். அடுத்த ஆண்டு, மொத்தப் பங்கில் பாதிகூடத் தேறவில்லை. வெள்ளக் காலத்தில் அணை தாங்காமல் திறந்துவிட்டதையும் கணக்கில் சேர்த்து, "கொடுக்க வேண்டியதற்கு மேல் கொடுத்துவிட்டோம்" என்று யாராவது பேசினால், எந்த மாதத்தில் என்று கேட்க வேண்டும்.

2023-இல் நடந்ததைப் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தது. அதை நம்பித்தான் நீங்களும் விதைத்திருப்பீர்கள். ஆகஸ்ட் கடைசியில் ஆணையம் போட்ட உத்தரவு, 15 நாளைக்கு விநாடிக்கு 5,000 கனஅடி. விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அப்படியானால் அந்த 15 நாளில் வருவது சுமார் ஆறரை டிஎம்சி. ஒரு ஆகஸ்டுக்கு உரியது 45.95! பிறகு 3,000 கனஅடியாகக் குறைத்தார்கள். அக்டோபரில் மேட்டூரை மூடவேண்டி வந்தது.

பற்றாக்குறை வருடத்தில் எல்லோர் பங்கையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நடுவர் மன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. அதை நடைமுறையில் எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு நாலு தரப்பும் ஒப்புக்கொண்ட சூத்திரம் 2023-இல்கூடக் கையில் இல்லை. நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல். இறுதித் தீர்ப்புக்கு 17 வருடம், அதை அரசிதழில் போட இன்னொரு ஆறு வருடம், ஆணையம் அமைய 2018 வரை. குறுவைக்கு வயது நாலு மாதம்கூட இல்லை. அதன் உயிரைக் கூட்டத்துக்குக் கூட்டம் 15 நாள் தவணையில் பேசுவது அக்கிரமம். இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

உங்கள் ஊர் ஆள் ஒரு பழைய கதையைக் கட்டாயம் சொல்லியிருப்பார்: "1983-இல் விவசாயிகள் சங்கம் போட்ட வழக்கால்தானே நடுவர் மன்றமே வந்தது?" உண்மைதான். டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று அந்த ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1990 மே 4-இல் தீர்ப்பு வந்தது, ஜூன் 2-இல் நடுவர் மன்றம் அமைந்தது. நம் மண்ணின் பெருமை அது. ஆனால் அந்தச் சங்கம் என்ன கேட்டது என்று கவனியுங்கள். எங்கள் பயிருக்கு இவ்வளவு ரூபாய் கொடு என்று கேட்கவில்லை. கர்நாடகம் இவ்வளவு டிஎம்சி தர வேண்டும் என்று நீதிமன்றமே அளந்து தரவும் இல்லை. தகராறை நடுவர் மன்றத்துக்கு அனுப்புவது மத்திய அரசின் கடமை, அதைச் செய்யச் சொல்லுங்கள் என்பதுதான் அதன் மையம். அரசின் கடமையைச் செய்யவைப்பது வேறு, தண்ணீரைப் பங்குபோடுவது வேறு. அதனால்தான் நீதிமன்றம் மனுவை ஏற்றது. அதோடு தமிழக அரசும் 1986-இல் முறைப்படி மத்திய அரசிடம் புகார் கொடுத்திருந்தது, நீதிமன்றத்திலும் சங்கத்தின் பக்கம் நின்றது. அந்தத் துணை இல்லாமல் சங்கம் மட்டும் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ. அந்த வழக்கைக் காட்டி ஏக்கருக்கு இவ்வளவு என்று வசூலிப்பவர், ஒன்று அதைப் படிக்கவில்லை, அல்லது நீங்கள் படிக்கமாட்டீர்கள் என்று நம்புகிறார்.

உங்களால் ஆகக்கூடியது எல்லாம் மேட்டூருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. கருகிய அந்தக் குறுவைக்குத் தமிழக அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அது வந்ததா? வரவில்லை என்றால், அந்தப் பசலியின் (வருவாய்த்துறைக் கணக்கு ஆண்டு) அடங்கல் நகலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கின் நகலை, எடுத்துப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணுக்கு நேரே குறுவை நெல் என்று பதிவு இருக்கிறதா, தரிசு என்று இருக்கிறதா? நிவாரணம் விட்டுப்போனதற்கு அடங்கல் தப்பாக இருந்ததே காரணமாக இருக்கலாம். இனி நாற்று விட்டதும் விஏஓவிடம் (கிராம நிர்வாக அலுவலர்) போய்ப் பதிவைச் சரிபார்க்காமல் வராதீர்கள். குத்தகைச் சாகுபடி என்றால் இன்னும் அவசியம்.

பயிர்க் காப்பீட்டில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் கருகினால் உங்கள் வயலைப் பார்த்துக் காசு வராது, கிராமத்தின் மகசூலைப் பார்த்து வரும். உங்கள் பகுதிக்குக் குறுவை அறிவிக்கை செய்யப்பட்டிருக்கிறதா என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் முதலில் கேளுங்கள். அறிவிக்காத பருவத்துக்குப் பணம் கட்ட வழியில்லை. கட்டித் தருகிறேன் என்று வருகிற ஏஜெண்டிடம் அசல் ஆவணங்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பொதுச் சேவை மையத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நேரில் கட்டி, ரசீதில் சர்வே எண்ணைப் படித்துப் பாருங்கள்.

கல்லணையில் தண்ணீர் இருந்தும் உங்கள் வாய்க்காலுக்கு முறை வரவில்லை என்றால், அது கர்நாடகத்தின் குற்றம் அல்ல. எந்த மதகு, எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் இல்லை என்று எழுதி, நீர்வளத்துறை உதவி செயற்பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. அந்த நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். ஊரே சேர்ந்து போனால் நல்லது.

ஊரில் யாராவது ஏற்கெனவே எழுதாத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் போனதைவிட அது பெரிய ஆபத்து. நாளைக்கு அதில் கடன் என்றும் எழுதலாம், நிலம் விற்க ஒப்பந்தம் என்றும் எழுதலாம். பத்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்த ஆளுக்கு ஒப்புகை அட்டையோடு தபால் அனுப்பச் சொல்லுங்கள். அதன் நகலை வைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீதை (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சான்று) வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.