கிருமி எப்படி ஒட்டிக்கொள்கிறது? கேள்வி பதில்

நாகர்கோவிலில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறேன். நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா: டீச்சர், 22 வயது மகளுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு. சிறுநீர் வேகமாகத்தானே போகிறது, கிருமியை அடித்துக்கொண்டு போகாதா?

இதற்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை பாக்டீரியாம்மா. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மெல்லிய இழைகள் இருக்கும். ஒவ்வொரு இழை நுனியிலும் ஃபிம்எச் என்ற புரதம். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் மேனோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரை உண்டு. நுனிப் புரதம் அதைத்தான் பிடிக்கும். சும்மா இருக்கும்போது பிடி தளர்வு, கிருமி விட்டு விட்டு நகரும். சிறுநீர் பாய்ந்து இழுத்தாலோ அந்தப் புரதம் வடிவம் மாறி இறுகிவிடும். தூண்டில் முள் இழுக்க இழுக்க ஆழமாய் இறங்குகிற மாதிரி. இழையும் சுருள் பிரிந்து நீண்டு இழுப்பைத் தாங்கும். எத்தனை முறை நடத்தினாலும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைந்ததே இல்லை.

அதற்காகத் தண்ணீர் வீண் என்று விட்டுவிடாதீர்கள். ஒட்டாமல் மிதப்பவை வெளியேறுமே. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பெண்களிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு நீர்க்கடுப்பு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. கிருமி சுவரை விட்டு இதைப் பிடிக்கும் என்று சொல்லி விற்கும் மேனோஸ் பொடியை வாங்க வேண்டாம். பிரிட்டனில் 598 பெண்களிடம் 6 மாதம் கொடுத்துப் பார்த்து 2024-இல் வெளியிட்டார்கள், பலன் தெரியவில்லை. ஒட்டிய கிருமி சுவரின் செல்லுக்குள்ளும் புகுந்து ஒளியும். அடிக்கடி வருவதால் டாக்டரிடம் காட்டி யூரின் கல்ச்சர் (சிறுநீரில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) பாருங்கள், மாத்திரையை அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

குளச்சலிலிருந்து ஒரு மீனவர்: காலராக் கிருமி கடலிலும் இருக்குமா?

இருக்கும் அண்ணே, முகத்துவாரத்து உப்புத் தண்ணீரிலும் இருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத, இறால் இனத்துக் குட்டி உயிர்களின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழும். அந்த ஓட்டைப் பிடிக்க உதவும் ஒரு புரதமே நம் குடலின் சளிப்படலத்தையும் பிடிக்கிறது. வங்கதேசத்து கிராமங்களில் பழைய சேலையை நாலைந்தாக மடித்துத் தண்ணீரை வடிகட்டியதும், அந்தக் குட்டி உயிர்களோடு கிருமியும் தங்கி, காலரா பாதியளவு குறைந்தது. நம் வீட்டுக்குக் கொதிக்க வைப்பதுதான் சரி.

வேம்பனூரிலிருந்து ஒரு பாட்டி: கருப்பட்டி பல்லைக் கெடுக்காது என்கிறார்களே, உண்மையா மக்ளே?

இல்லை பாட்டி. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். பல்லிலுள்ள ஒரு பாக்டீரியா அதை வைத்தே பசை செய்து ஒட்டிக்கொள்ளும். கருப்பட்டிக் காப்பி குடித்ததும் வாய் கொப்பளியுங்கள்.

தக்கலை கல்லூரி மாணவர்: கிருமியைக் கொல்லாமல் ஒட்டுவதை மட்டும் தடுக்க முடியாதா?

ஃபிம்எச் நுனியை அடைக்கும் மருந்துகளை மனிதர்களிடம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் தம்பி. சிக்கல் என்னவென்றால் ஈ.கோலையிடம் இருப்பது ஒரே ஒரு கொக்கி அல்ல. சிறுநீரகத்தைப் பிடிக்க வேறு இழை வைத்திருக்கிறது. தடுப்பூசியில் இந்த வழி ஏற்கெனவே வந்துவிட்டது. கக்குவான் இருமலுக்கான ஒருவகை ஊசியில், அந்தக் கிருமி மூச்சுக்குழாயில் ஒட்டப் பயன்படுத்தும் புரதங்களையே பிரித்தெடுத்துச் சேர்க்கிறார்கள்.