சி நிரல் மொழிப் புத்தகம் நல்லதா என்று கடையிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

வேலூரில் பழைய புத்தகக் கடையில் சி மொழிப் புத்தகம் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டையை விடுங்கள். பயனரிடம் ஒரு வரியைக் கேட்டு வாங்கும் பக்கத்தைப் புரட்டுங்கள். அங்கே அதற்கு 'கெட்ஸ்' (gets) என்ற கட்டளை இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். 10 எழுத்துக்கு இடம் ஒதுக்கியிருக்க, ஒருவர் ஆங்கிலத்தில் 'Katpadi Junction' என்று தட்டினால், அது எல்லையில் நிற்காமல் பக்கத்து நினைவகத்தையும் மிதித்துவிடும். அதனால்தான் சி மொழியின் 2011 தரத்தில் அதை நீக்கியே விட்டார்கள். அதற்குப் பதிலாக, எத்தனை எழுத்துக்கு இடம் என்று சொல்லி வாங்கும் 'எஃப்கெட்ஸ்' (fgets) கொடுத்து, ஏன் என்றும் சொல்லியிருந்தால் தைரியமாக வாங்கலாம்.

அப்புறம், முதல் நிரலிலேயே 'கோனியோ' (conio.h) என்ற கோப்பைச் சேர்க்கும் வரி வந்தால் அது டர்போ சி என்ற பழைய கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) காலத்துப் புத்தகம். லினக்ஸில் உள்ள ஜிசிசி (GCC) கம்பைலர் அதை ஏற்காது. அப்படி ஒன்றை வாங்கி, ஒரு மாதம் தப்பு என்மேல்தான் என்று நினைத்துத் தவித்தேன்.