ஸ்பாக் பிளக்கை எப்போது மாற்றுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருநெல்வேலி): கார் பிளக்கை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: முனை எந்த உலோகம் என்று தெரியாமல் எண் சொல்ல இயலாது. நிக்கல் முனையுள்ள சாதாரண பிளக்குக்கு 20,000 முதல் 30,000 கிலோமீற்றர் வரையும், நீண்டகால இரிடியம் பிளக்குக்கு ஏறத்தாழ 100,000 கிலோமீற்றரும் பொதுவான கணக்கு. ஒவ்வொரு தீப்பொறியும் முனையைச் சிறிது அரிப்பதால் பொறி தாவும் இடைவெளி அகன்று, அதைத் தாண்டக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது; அந்தச் சுமை முழுவதும், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் கொயிலில் விழுகிறது. இயந்திரம் முற்றாக ஆறிய பின்னரே பிளக்கைக் கழற்றுங்கள். சூட்டில் கழற்றினால் பிளக் பொருந்தியிருக்கும் அலுமினியச் சிலிண்டர் தலையின் திருகுப் புரியும் சேர்ந்து வந்துவிடக்கூடும்.

கேள்வி (சுன்னாகம்): என்னுடையது 660 சிசி சுசுக்கி வாகன் ஆர் கார். அதே கணக்குத்தானா?

பதில்: இல்லை, ஏறத்தாழப் பாதி. சிறிய இயந்திரம் அதே வேகத்தில் ஓடுவதற்கு அதிகமாகச் சுழல வேண்டியிருப்பதால், அதே தூரத்துக்குக் கூடுதலான பொறிகள் செலவாகின்றன. பாவித்த வாகனமாக வாங்கி, பிளக் மாற்றிய பதிவு எதுவும் கிடைக்காவிட்டால், மீற்றரை நம்பாமல் உடனே மாற்றிவிடுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): டீசல் ஹையேஸ் வானுக்கு?

பதில்: டீசலுக்கு ஸ்பாக் பிளக் இல்லை.

கேள்வி (சாவகச்சேரி): தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடியபோது, அரத்தாளால் தேய்த்தே ஆண்டுக்கணக்கில் ஒரே பிளக்கைப் பாவித்தோம். இப்போது மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: ஐயா, போர்க்காலப் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த அக்காலத்தில் பிளக்கை மாற்றாமல் விட்டதற்குக் காரணம் அதன் ஆயுள் அல்ல, புதியது கிடைக்காமைதான். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது என்பதால்தான் காபரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு இயக்கினோம். அதன் பின்னரும் அரைகுறையாக எரிந்த எண்ணெய் பிளக்கில் கரியாகப் படிந்தது. எரியாத மிச்சம் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி இறங்கி என்ஜின் ஒயிலையும் நீர்க்கச் செய்தது. அரத்தாள் அந்தக் கரியை நீக்கியதே தவிர, தேய்ந்த உலோகத்தைத் திருப்பித் தரவில்லை. இன்றைய இரிடியம் முனையோ அரை மில்லிமீற்றர் தடிப்பளவே உள்ளது. அதில் அரத்தாளை வைப்பது பிளக்கை எறிவதற்குச் சமம்.

கேள்வி (பருத்தித்துறை): மண்ணெண்ணெய் அவ்வளவு கெட்டதென்றால் எங்கள் ஒஸ்ரின் ஏ-40 எப்படி ஓடியது? சாவகச்சேரி ஐயா சொல்வதே சரி.

பதில்: ஓடியதை நான் மறுக்கவில்லை, பிளக்குக்கு நல்லது என்பதைத்தான் மறுக்கிறேன். ஏ-40 இன் அமுக்க விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு) 7 ஐ ஒட்டியது என்பதால், ஒக்ரேன் குறைந்த, அதாவது அமுக்கத்தில் எளிதில் தானே தீப்பற்றும் எரிபொருளையும் அது தட்டல் சத்தம் இல்லாமல் ஓரளவு பொறுத்துக்கொண்டது. முதல் தலைமுறை ரொயோட்டா அக்குவாவின் விகிதம் 13.4, அதில் மண்ணெண்ணெயைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (நல்லூர்): கோயிலுக்கும் சந்தைக்கும் மட்டுமே கார் எடுக்கிறேன். பிளக் கறுத்துவிடுகிறது.

பதில்: முனை ஏறத்தாழ 450 பாகை செல்சியசை எட்டினால்தான் கரி தானே எரிந்து போகும்; குறுந்தூர ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. வாரம் ஒருமுறையாவது ஆனையிறவுவரை ஓட்டிப் பாருங்கள். பிறகும் கறுத்தால் காற்று வடிகட்டியைச் சோதியுங்கள்.

கேள்வி (கோண்டாவில்): வாகன் ஆர் பிளக்கை எப்போது மாற்ற வேண்டும்?

பதில்: சுன்னாகத்துக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். இயந்திரம் ஆறிய பின்.