பார்த்தால் புரிகிறது, எழுதினால் வரவில்லை

கேள்வி: எனக்கு 36 வயது. 13 வருடங்களாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 24 வார ஆன்லைன் கோடிங் பூட்கேம்ப் (குறுகிய காலத் தீவிரப் பயிற்சி) ஒன்றில் சேர்ந்து இப்போது 7-வது வாரம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியை முடித்து, அதை வைத்து இணையப் பக்கம் கட்ட உதவும் ரியாக்ட் ஆரம்பித்துவிட்டார்கள். பயிற்சியாளர் திரையில் எழுதும்போது எல்லாம் புரிகிறது. நானாக எழுத உட்கார்ந்தால் முதல் வரிகூட வருவதில்லை. கடைசி மூன்று அசைன்மென்ட்டுகளை ஏஐயிடம் கேட்டு வாங்கித்தான் அனுப்பினேன். முழு மதிப்பெண் வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. பேட்ச்சில் எல்லோருக்கும் 22, 23 வயது. குழுவில் அவர்கள் ‘முடிச்சாச்சு’ என்று போடும்போது லேப்டாப்பை மூடி வைத்துவிடுகிறேன். பாதிக் கட்டணம் கட்டியாகிவிட்டது. மீதியை வேலை கிடைத்தபின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். விட்டுவிடட்டுமா? என் மூளை இதற்கு ஒத்துவராதா? லேப்டாப்பும் பழையது, 8 ஜிபி ராம்தான். அதையும் மாற்ற வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

சகோதரி, முழு மதிப்பெண் வந்ததுதான் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். ஏட்டில் இருப்பும் கையில் இருப்பும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டீர்கள். அதைக் கவனிக்காமலே கடைசி வாரம் வரை போய், நேர்முகத் தேர்வில் வெள்ளைப் பலகை முன்னால் நிற்கும்போதுதான் தெரிந்துகொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூளையைப் பற்றி முதலில். பார்க்கும்போது புரிவதும், எழுதும்போது வருவதும் ஒரே வேலை இல்லை. அடுத்தவர் எழுதிய வரியைப் பார்த்து ‘ஆமாம், சரிதான்’ என்பது அடையாளம் காண்பது. வெற்றுக் கோப்பில் அதே வரியை வரவழைப்பது நினைவிலிருந்து எடுப்பது. 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சிறு பாடங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். இதில் வேடிக்கை, ‘எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். வீடியோ வகுப்பு தரும் தெம்பும் அதே வகை. நான் இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. புது மொழி ஒன்றின் வீடியோவை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால் எனக்கும் இன்றுவரை முதல் வரி வருவதில்லை. வராது என்று தெரிந்திருப்பதால் நான் பயப்படுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று. உங்களுக்குக் கோடிங் தெரியாது என்று யார் சொன்னது? எக்செலில் ஒரு ‘இஃப்’புக்குள் இன்னொரு ‘இஃப்’ வைத்து, அதற்குள் அட்டவணையில் தேடி எடுக்கும் ‘வீலுக்கப்’ ஒன்றைப் போட்டிருப்பீர்கள். அதுவும் நிரல்தான். ஆனால் எக்செல் உங்களை ஒரு விஷயத்திலிருந்து காப்பாற்றி வைத்திருந்தது: காலம். எக்செலின் கட்டம் ஒன்றுக்குள் சூத்திரம் போட்டால் அதன் மதிப்பு அங்கேயே கண்ணுக்குத் தெரியும். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரே வேரியபிளின் (மதிப்பைப் போட்டு வைக்கும், பெயரிட்ட பெட்டி) மதிப்பு மூன்றாவது வரியில் ஒன்று, ஏழாவது வரியில் வேறு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் போனால் ஒவ்வொரு சுற்றிலும் வேறு. மாறுவது எதுவும் கண்ணில் படாது. கணக்குத் தெரிந்தவர்கள் பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘தொகை = தொகை + 400’ என்று பார்த்தால், பள்ளியில் சமன்பாடு படித்த எவருக்கும் உறுத்தத்தானே செய்யும்? அங்கே இருப்பது சமக்குறி இல்லை. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு இடப்பக்கப் பெட்டியில் போடு என்ற உத்தரவு.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. ஒரு தாளை எடுத்து, வேரியபிளுக்கு ஒரு பத்தியும் சுற்றுக்கு ஒரு வரிசையுமாகக் கோடு போடுங்கள். 400, 250, 350 என்று மூன்று பில்களைக் கூட்டும் லூப் என்று வைத்துக்கொள்வோம். தொகை முதலில் 0. முதல் சுற்று முடிவில் 400, அடுத்து 650, கடைசியில் 1000. நீங்கள் வருடக்கணக்கில் எழுதிவரும் பேரேட்டின் ‘இருப்பு’ பத்திதான் இது, வேறொன்றும் இல்லை. இப்போது ‘தொகை = 0’ என்ற வரியைத் தவறுதலாக லூப்புக்குள் வைத்துவிட்டீர்கள் என்றால் விடை 350 என்று வரும். திரையை அரை மணி நேரம் முறைத்தாலும் ஏன் என்று பிடிபடாமல் போகலாம். தாளில் எழுதினால் இரண்டாவது வரிசையிலேயே இருப்பு பூஜ்ஜியத்துக்குத் திரும்புவது தெரிந்துவிடும். கம்ப்யூட்டர் செய்வதைக் கையால் செய்து பார்ப்பது குழந்தைத்தனம் என்று பேட்ச்சில் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். லூப்பும் ஃபங்ஷனும் கைக்கு வரும்வரை இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது.

அப்படியே எரர் செய்தி. சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு அதை நிறுத்துங்கள். பிரவுசரில் பிழைகளைக் காட்டும் கன்சோல் பலகத்தில் வரும் செய்தியின் முதல் வரி என்ன நடந்தது என்று சொல்லும். அதன் கீழே கோப்புப் பெயர்களும் வரி எண்களும் வரிசையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ரியாக்ட்டின் உள்வேலை, உங்களுக்குச் சம்பந்தமில்லை. மேலிருந்து இறங்கி வந்து, நீங்கள் எழுதிய கோப்பின் பெயர் முதலில் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். பத்தில் ஏழெட்டு முறை கோளாறு அந்த வரியிலோ அதற்கு இரண்டு வரி மேலேயோ இருக்கும். ‘அன்டிஃபைன்டு’ என்ற சொல் அடிக்கடி வரும். பெட்டியின் பெயரைச் சொல்லிவிட்டீர்கள், உள்ளே எதுவும் போடவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் எழுத்துப் பிழை, இல்லையென்றால் சர்வரிலிருந்து தகவல் வந்து சேர்வதற்கு முன்பே அதை எடுக்கப் பார்த்திருப்பீர்கள்.

(எல்லாக் குற்றமும் உங்களுடையது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் எழுதினார். எழுத்தாக இருக்கும் ‘5’-உடன் 3-ஐக் கூட்டினால் அது 53 என்னும். கழித்தால் 2 என்னும். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும். பின்னது ஜாவாஸ்கிரிப்ட்டின் பிழை மட்டுமல்ல. தசமங்களை இரும எண்ணில் வைக்கும் எல்லா மொழிகளிலும் வரும். கணக்குப் பிரிவுக்காரர் என்பதால் சொல்கிறேன், பணத்தை எப்போதும் மிகச் சிறிய அலகில் முழு எண்ணாகவே வைத்துக் கூட்டுங்கள்.)

இனி ஏஐ. அதைத் தொடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இப்போது நீங்கள் கட்டணம் கட்டுகிறீர்கள், பயிற்சி ஏஐக்குப் போகிறது. விடை கேட்பதற்கு முன்னால் மூன்று வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள்: நான் என்ன செய்ய நினைத்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. பல சமயம் மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் உங்களுக்கே பிடிபட்டுவிடும். பிடிபடாவிட்டால் அந்த மூன்றையும் கொடுத்து, ‘நிரலை எழுதித் தராதே, எங்கே யோசனை தவறுகிறது என்று மட்டும் சொல்’ என்று கேளுங்கள். அப்படியும் முடியாமல் விடையை வாங்கிவிட்டால் அன்றைக்குப் படித்துவிட்டு மூடிவிடுங்கள். மறுநாள் காலை வெற்றுக் கோப்பில், எதையும் பார்க்காமல், மறுபடி எழுதுங்கள். எந்த வரி வரவில்லையோ அதுதான் உங்களுக்கு அன்றைய பாடம். வாங்கி அனுப்பிய மூன்று அசைன்மென்ட்டுகளையும் இப்படித் திரும்ப எழுதிவிட்டுத்தான் ரியாக்ட் பக்கம் போக வேண்டும்.

‘அதற்குள் பேட்ச் எங்கோ போய்விடுமே’ என்பீர்கள். போகட்டும். பல பூட்கேம்ப்களில் ஒரு முறை அடுத்த பேட்ச்சுக்கு மாறிக்கொள்ள விடுவார்கள். விளம்பரத்தில் இருக்காது, ஒப்பந்தத்தில் இருக்கும். நாலாவது வாரத்திலிருந்து மறுபடி உட்காருவதில் ஒரு அவமானமும் இல்லை. விட்டுவிட வேண்டாம், பின்னால் தள்ளிப் போடுங்கள் என்பதே என் யோசனை.

ஒப்பந்தத்தை எடுத்ததும் இன்னொன்றையும் படியுங்கள். சம்பளத்தில் பிடித்தம் என்கிறீர்களே, அது எந்தச் சம்பள அளவிலிருந்து தொடங்குகிறது, எத்தனை மாதம், மொத்தத்தில் உச்சவரம்பு உண்டா? வேறு துறையில், அதாவது இப்போது பார்க்கும் கணக்கு வேலையிலேயே தொடர்ந்தாலும் பிடிப்பார்களா? நடுவில் விலகினால் என்ன? இதைக் கடன் இல்லை என்று சொல்லித்தான் விற்பார்கள். அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று 2017-இல் தொடங்கிப் பிறகு ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்ட பூட்கேம்ப் அப்படித்தான் விற்றது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, அது கடன்தான் என்று சொல்லி நடவடிக்கை எடுத்தது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்த அந்த நிறுவனத்தின் வெளியிடாத கணக்கில் அது 50-ஐ ஒட்டியும் சில சமயம் 30 வரையும் இருந்தது என்றும் அந்த அமைப்பு சொன்னது.

சதவீதம் என்றதும் உங்களுக்குக் கை துறுதுறுக்கும் என்று நம்புகிறேன். உங்கள் பூட்கேம்ப் சொல்லும் வேலை விகிதத்தில், வகுக்கும் எண்ணாகக் கீழே இருப்பது எது என்று கேளுங்கள். சேர்ந்தவர்களா, முடித்தவர்களா, முடித்தவர்களில் ‘தீவிரமாக வேலை தேடியவர்கள்’ மட்டுமா? பாதியில் நின்றவர்களைக் கழித்துவிட்டால் எந்த விகிதமும் அழகாகிவிடும். தங்களிடமே உதவிப் பயிற்சியாளராக மூன்று மாதம் வைத்துக்கொண்டதையும் வேலை என்று சில இடங்களில் எண்ணக்கூடும். தணிக்கைக்கு வரும் ஏட்டைப் பார்க்கும் அதே கண்ணோடு பாருங்கள்.

வயது பற்றியும் எழுதியிருந்தீர்கள். 22 வயதுக்காரர் வேகமாக முடிப்பது உண்மைதான். அவர்களில் எத்தனை பேர் உங்களைப் போல வாங்கி அனுப்பினார்கள் என்று ‘முடிச்சாச்சு’ செய்தியில் தெரியாது. ஆனால் அவரிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அவர் செய்யப்போகும் புராஜெக்ட், செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் செயலி. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், வேலைக்கு எடுப்பவர்கள் அதைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள். நீங்கள் வங்கி அறிக்கைக் கோப்பையும் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதோடு பொருந்துகிறது, எது தொங்கலில் நிற்கிறது என்று சொல்லும் ஒரு சின்ன நிரலை எழுதுங்கள். தேதி இரண்டு நாள் தள்ளி வந்தால் என்ன செய்வது, ஒரே தொகை இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். (அலுவலகத்தின் நிஜக் கோப்பைத் தொடாதீர்கள், கற்பனைத் தரவு போதும்.) தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல் பாடம் வரும்போது கவனமாக உட்காருங்கள். பிவட் டேபிள் போட்டுப் பழகியவர்களுக்கு அதில் வகைவாரியாகச் சேர்த்துக் காட்டும் ‘குரூப் பை’ புதிதாகவே இருக்காது. ஒருவேளை இணையப் பக்கங்கள் கட்டுவதைவிட அந்தப் பக்கம்தான் உங்கள் வழியாக இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆறு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். பிழை ஒன்றைக் கண்டுபிடித்த அன்று, டேலி ஆகாத கணக்கு டேலி ஆன அன்று வரும் அந்தச் சந்தோஷம் ஒரு முறைகூட வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், தப்பில்லை. கட்டிய பாதிக் கட்டணத்தை அந்த முடிவில் சேர்க்காதீர்கள். போன பணத்தை வைத்து அடுத்த முடிவை எடுக்கக் கூடாது என்று உங்கள் துறையில்தான் முதலில் சொல்லித்தருவார்கள்.

லேப்டாப்பை மாற்ற வேண்டாம். நீங்கள் படிப்பதற்கு 8 ஜிபி போதும். பிரவுசரில் திறந்து கிடக்கும் முப்பது டேப்களில் இருபத்தைந்தை மூடினால் அதுவே வேகமாகிவிடும்.