ஷட்டர் தூக்குற வேலைக்கு எதுக்குப் படிப்பு?

போன வாரம் தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா, மேற்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்க மகளோடு வந்திருந்தார். பிளஸ் டூ, பயோ-மேத்ஸ் குரூப். ஆறு, அணை, மீன் சம்பந்தமாகத்தான் படிப்பேன் என்று மகள் ஒரே பிடிவாதம். "டேம்ல ஷட்டர் தூக்குற வேலைக்கு எதுக்கு சார் படிப்பு?" என்று கேட்டார் அம்மா. நியாயமான கேள்விதான். எழுதியே தருகிறேன் என்றேன்.

அம்மா, ஷட்டரைத் தூக்குவது மோட்டார். எப்போது, எவ்வளவு, எத்தனை வேகத்தில் தூக்குவது என்பதற்குத்தான் படிப்பு.

நம்ம கொசஸ்தலை ஆற்றையே பாருங்கள். 1944-ல் பூண்டியில் அணை வந்தது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அங்கே தேங்கும் தண்ணீர்தான் கால்வாய் வழியே சோழவரம், புழல் ஏரிகளுக்குப் போய் நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அணைக்குக் கீழே ஆறு பெரும்பாலான மாதங்கள் காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பூண்டி நிரம்பினால் உபரி நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்தில் வந்து கொட்டும். ஒன்று பட்டினி, இல்லாவிட்டால் அஜீரணம். புதுவெள்ளம் வந்தால்தான் முட்டையிட ஏறுகிற மீன்கள் இருக்கின்றன. ஷட்டரைச் சட்டென்று இறக்கினால் அதே மீன்கள் பள்ளங்களில் மாட்டிச் சாகும். இறால் குஞ்சுக்கோ உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த கழிமுகம் வேண்டும். பெரிய அணைகளில் இன்னொரு தொல்லை: அடியிலிருந்து திறக்கும் தண்ணீர் சில்லென்று, ஆக்சிஜன் குறைந்து வரும், வண்டலோ அணைக்குள்ளேயே தங்கிவிடும்.

ஆறு உயிரோடு இருக்க எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்கிற கணக்குக்கு 'சூழலியல் நீரோட்டம்' என்று பெயர். மேல் கங்கைக்கு 2018-ல் மத்திய அரசு இதை அறிவிக்கையாகவே போட்டது: நவம்பர் முதல் மார்ச் வரை மாத சராசரி நீர்வரத்தில் 20 சதவீதம், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதவீதம். அந்த 20 மீனுக்குப் போதுமா என்று ஆற்றில் இறங்கி அளந்து சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது அந்த வேலைக்கு.

வழி இரண்டு. ஒன்று சிவில் இன்ஜினியரிங். பிறகு கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக நீர்வள மையத்தில் மேற்படிப்பு, டிஎன்பிஎஸ்சி எழுதி நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர். மற்றது பி.எஃப்.எஸ்சி. என்கிற நான்கு வருட மீன்வளப் படிப்பு. பொன்னேரியிலேயே கல்லூரி இருக்கிறது, நீட் தேவையில்லை. மேலே படித்தால் மேற்கு வங்கத்தில் பாரக்பூரில் உள்ள மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வரை போகலாம்.

நான் எதைச் சொல்வேன்? உங்கள் மகளிடம், எண்ணூர் ஸ்டேஷன் தாண்டி ரயில் பாலத்தில் என்ன பார்த்திருக்கிறாய் என்று கேட்டேன். "தண்ணி ஏறும்போது பொம்பளைங்க இறால் தடவ மாட்டாங்க சார். வத்தினாத்தான் இடுப்பளவு தண்ணில உக்காருவாங்க" என்றாள். அனல்மின் நிலையச் சாம்பல், புகைபோக்கி என்று எல்லோரும் சொல்வதைத்தான் எதிர்பார்த்தேன். நீர் ஏறி இறங்குவதோடு வேலையைச் சேர்த்துப் பார்க்கிற கண் அவளுக்கு இருக்கிறது. பொன்னேரிக்கே என் ஓட்டு. சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பையனை, சிவில் என்றால் பாதுகாப்பு என்று நானே திருப்பிவிட்டேன். இன்று அவன் சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறான். என்னைப் பார்த்தால் சிரிப்பான், அவ்வளவுதான்.

ஒளிக்காமல் சொல்கிறேன்: அரசுப் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பு வருஷா வருஷம் வராது. அதனால் கணக்கையும் கம்ப்யூட்டரையும் அவள் விடக்கூடாது. மீனும் தெரிந்து, நீர்வரத்துக் கணக்கும் போடத் தெரிந்தவர்கள் அரிது.

இப்போதைக்கு இரண்டு வேலை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றீர்களே, அந்தச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். கல்லூரி திறந்திருக்கும் நாளாகப் பார்த்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் நீங்களும் அவளோடு பொன்னேரிக்குப் போங்கள். பாலம் வரும்போது ஜன்னல் சீட்டை அவளுக்குக் கொடுங்கள்.